எழில் இன்னும் லாக்-அவுட் பண்ணல

ஞாயித்துக்கிழமை பகல்ல ஒரகடத்துல எந்தக் கம்பெனி கேட்டுக்கிட்ட வேணா போய் நின்னு பாருங்க. மத்த ஆறு நாளும் பஸ்ஸும் லாரியுமா காதைக் கிழிக்கற ரோடு, அன்னிக்கு ஒரு நாய் நடந்து போனா அதோட நகம் தார்ல படற சத்தம் கூட கேக்கும். நான் ஸ்கூட்டிய நிறுத்தும்போது மணி பதினொன்னரை. வெயிலு மண்டையப் பொளந்துச்சு.

செக்யூரிட்டி நாகப்பன் என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாரு. பதினாலு மாசத்துக்கு முன்னாடி, எழில் அவசரத்துல மறந்துட்டுப் போன ஹெல்மெட்டை என் கையில குடுத்தவரு இவருதான்.

"வாம்மா. நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்"னேன்.

எழிலரசன் என் வூட்டுக்காரன். புருஷனை அவன் இவன்னு சொல்றியேன்னு எங்க மாமியாருக்குக் காலத்துக்கும் என் மேல கடுப்பு. பாலிடெக்னிக்ல ஒரே பெஞ்சுல ஒக்காந்து கம்ப்யூட்டர் படிச்சவனை வேற எப்டிங்க சொல்றது? எம்பேரு இசைவாணி. அவனுக்கு வாணி. கோவம் வந்தா அவனுக்கு நான் 'மேடம்'.

எழில் வேலை பாத்தது, காருக்கு இரும்புத் தகட்டுல பிராக்கெட் அடிக்கற பிரஸ் ஷாப். பன்னண்டு பிரஸ், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் தலையா ஒரு சர்வர். எல்லாத்துலயும் எழில் லினக்ஸ் போட்டு வெச்சிருந்தான். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், லினக்ஸுன்றது கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர். வெலை கிடையாது. உள்ள இன்னா எழுதியிருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம், மாத்திக்கலாம். ஆனா ஓசின்னு போட்டுட்டு மறந்துட முடியாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது வெர்ஷன் வரும், பழசுக்கு ஆயுசு முடியும். கொழந்தைக்குத் தடுப்பூசி போடற மாதிரி நேரத்துக்கு ஏத்திக்கினே இருக்கணும்.

எழிலு அதுல பைத்தியம். அப்கிரேடு ஆரம்பிச்சா முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். பாதியில விட்டுட்டு எழுந்தவன் மனுஷனே இல்லன்னுவான்.

வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பாதியில விட்டான். எனக்காக.

அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான். எங்க கல்யாணத்தை ஒத்துக்காம ஏழு வருஷம் மூஞ்சியக் கூட காட்டாத எங்கப்பா, முதல் தடவையா எங்க வூட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாரு. எல போட்டாச்சு. மாப்ளையக் காணோம். பன்னண்டு அடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை போன் போட்டேன், 'அர மணி நேரம் வாணி'ன்னான். மூணாவது தடவை பன்னண்டரைக்குப் போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். "இப்ப கெளம்பலன்னா நீ வூட்டுக்கே வராத, அந்த சர்வரையே கட்டிக்கினு அங்கயே கெட"ன்னேன். அப்டியே சொன்னேங்க. எங்கப்பா காது கேக்கவே சொன்னேன்.

பன்னண்டு நாப்பதுக்குக் கெளம்பினான். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழ திரும்பற எடத்துல, பன்னண்டு அம்பத்திரண்டுக்கு கன்டெய்னர் லாரி.

அதுக்கப்புறம் அந்த ஃபேக்டரிப் பக்கம் நான் தலை வெச்சுப் படுக்கல. மெயின்டெனன்ஸ் பாக்கற பரசுராமன் சாரு பத்து தடவை கூப்பிட்டிருப்பாரு. போன வாரம் வூட்டுக்கே வந்துட்டாரு.

"இசைவாணி, கஸ்டமர், பெட்டியில ஒட்டற லேபிளை எல்லாம் ரிஜெக்ட் பண்றான்மா. ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் ஓட்டினா மட்டும் லேபிள்ல தப்பான தேதி விழுது. திங்கக்கெழமை தானா சரியாயிடுது. வெளியிலேர்ந்து ரெண்டு பேரைக் கூட்டினு வந்தேன். ரெண்டு பேரும் ஒரு மணி நேரத்துல பையைத் தூக்கினு ஓடிட்டானுங்க. பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஞாயித்துக்கெழமை நீ புது வெர்ஷனை ஏத்தித் தரலன்னா மொத்தத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டு வேற வாங்கச் சொல்லிட்டாங்க."

"இன்னா தேதி விழுது?"ன்னு கேட்டேன்.

லேபிளைக் காட்டினாரு. எழில் செத்த தேதி.

அதனாலதான் வந்தேன். அவன் கைப்பட்ட கடைசி சாமான் அது, அதை எவனோ புடுங்கி எறியறதைக் கேட்டுகினு இருக்க என்னால முடியல.

சர்வர் ரூமு கம்ப்ரஸருக்குப் பின்னாடி. ஒரு கட்டில் போடற அளவுதான். ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் சர்வர் நெத்தியில காஞ்சு கெடந்துச்சு. கதவைத் திறந்ததும் நீலகிரித் தைல வாடை அடிச்சுது. ஏசியில ஒக்காந்து கழுத்து புடிச்சுக்கும்னு எழிலு தேய்ச்சுக்கற தைலம். பதினாலு மாசம் ஒரு வாடை நிக்குமா?

நிக்காது. எனக்குத் தெரியும்.

லேப்டாப்பை மாட்டி என் பேர்ல உள்ள போனேன். யாரெல்லாம் உள்ள இருக்காங்கன்னு காட்டற கமாண்டைத் தட்டினேன். ரெண்டு பேரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு எழிலு.

அதுல ஆச்சரியம் இல்ல. பாதியில விட்டவன் லாக்-அவுட் பண்ணியிருக்க மாட்டான். 'ஓடற மெஷினை நோண்டாத'ன்றது ஃபேக்டரி வேதம், அதனால எவனும் சர்வரை அணைச்சிருக்கவும் மாட்டான். பதினாலு மாசமா அவன் பேரு அப்டியே உள்ள கெடக்குது. சரி, அழுதுட்டு வேலையப் பாப்போம்னு நெனச்சேன். அப்பதான் பக்கத்துக் கட்டத்தைப் பாத்தேன். அந்த ஆளு கடைசியா கீபோர்டைத் தட்டி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அதுல காட்டும். பதினாலு மாசம்னு இருக்கணும்.

ரெண்டு செகண்டுன்னு இருந்துச்சு.

தேதியத் தட்டிப் பாத்தேன். அந்த ஞாயித்துக்கெழமை. மணி பன்னண்டு ஆறு.

என் கை வாட்சுலயும் பன்னண்டு ஆறுதான்.

பின்னாடி சத்தம் கேட்டுச்சு. ரேக்குல பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வெச்சிருந்த பழைய கீபோர்டு. கவர் மேல தூசி கலையவே இல்ல. ஆனா அதுக்குள்ள கீ தட்டற சத்தம். ரெண்டு வெரலால வேகமா தட்டிட்டு, கொஞ்சம் நிறுத்தி, கட்டை வெரலால ஒரே போடு போடுவான் எழிலு. அதே மாதிரி.

எழுந்து ஓடியிருக்கணும். ஓடல. அவன் திறந்து வெச்ச பக்கத்துக்குள்ள நானும் போனேன்.

இதையும் சொல்லிடறேன். லினக்ஸ்ல ஒரே பக்கத்துக்குள்ள ரெண்டு பேரு போலாம். அவன் தட்டறது எனக்குத் தெரியும், நான் தட்டறது அவனுக்குத் தெரியும். வரிக்கு முன்னாடி ஒரு # போட்டுட்டா கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுக்காம தாண்டிப் போயிடும். அது மனுஷனுக்கு மனுஷன் எழுதிக்கறது. பாலிடெக்னிக் லேபுல எதிரெதிர் மூலையில ஒக்காந்துகினு, சாருக்குத் தெரியாம, இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டி நாங்க லவ் பண்ணதே இந்த # போட்டுத்தான். கல்யாணத்துக்கப்புறமும் அவன் அப்கிரேடு பண்ணும்போது நான் வூட்லேர்ந்து உள்ள போய் வம்பிழுப்பேன்.

ஸ்கிரீன்ல அப்கிரேடு நின்னு போயிருந்துச்சு. ஒரு கேள்வி. 'இந்த ஃபைலை நீ மாத்தியிருக்க. உன்னோடதையே வெச்சுக்கவா, புதுசு போடவா?' பதிலுக்குக் காத்துகினு கர்ஸர் மினுக்குச்சு. அதுக்குக் கீழ, ஒவ்வொரு எழுத்தா வந்துச்சு.

# வாணி?



# நீ எப்டி உள்ள வந்த. உங்கப்பா கோவமா இருக்காரா

# கோச்சிக்காத. இன்னும் அர மணி நேரம். முடிச்சிட்டு வந்துடறேன்

கண்ணுல தண்ணி கொட்டுது, எழுத்தே தெரியல. தடவித் தடவி தட்டினேன்.

# எழிலு

# இன்னாடி

அவ்ளோதாங்க. 'இன்னாடி'. பதினாலு மாசமா என்னை யாரும் அப்டிக் கூப்பிடல. வாயில முந்தானைய அடைச்சிக்கினு அழுதேன்.

அழுதுகினே இருக்கும்போதுதான் புரிஞ்சுது. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இவன் இங்க வந்து ஒக்காந்து, அதே அப்கிரேடை ஓட்டி, அதே பன்னண்டு நாப்பதுக்கு எழுந்து போறான். அதே எடத்துல லாரி. பதினாலு மாசத்துல எத்தினி ஞாயித்துக்கெழமை? என் புருஷன் அத்தினி தடவை செத்திருக்கான். ஒவ்வொரு தடவையும் நான்தான் போன் போட்டு அனுப்பியிருக்கேன்.

இன்னிக்கு அனுப்பக் கூடாது. பன்னண்டு அம்பத்திரண்டு தாண்டற வரைக்கும் இவனை இந்தச் சேரை விட்டு எழுந்திருக்க விடக் கூடாது.

# அவசரமே இல்ல. அப்பா டிவி பாத்துகினு இருக்காரு. நீ பொறுமையா பண்ணு

# நெசமாவா. நீ வாணிதான

# வாணிதான். ஃபைலைப் பாரு

# பிரிண்டர் ஃபைலு. என்னோடதை வெச்சுக்கவா புதுசு போடவா

# உன்னோடதையே வெச்சுக்கோ

அப்கிரேடு நகர்ந்துச்சு. அடுத்த ஃபைலு, அடுத்த கேள்வி. பழைய மாதிரி. அவன் கேக்கறான், நான் சொல்றேன். ஒரு எடத்துல என் ஸ்பெல்லிங்கைக் கிண்டல் பண்ணான், நான் சிரிச்சேன். அந்த ரூமுல ஒக்காந்து நான் சத்தமா சிரிச்சேங்க.

பன்னண்டரை ஆச்சு.

ரேக்கு மேல ஏதோ அதிர்ந்துச்சு. இரும்புத் தகட்டு மேல போனு வைப்ரேட் ஆவற சத்தம். திரும்பிப் பாத்தேன். அங்க போனே இல்ல.

# உன் போன் வருது. இங்கயும் தட்டற, போனும் பண்றியா

 அந்தப் பக்கத்துல இருக்கறவ யாருன்னு எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு பொடைக்க, வாய்க்கு வந்ததைப் பேசப் போறவ.

அது நான்.

# எடுக்காத

# எடுக்கலன்னா கொன்னுடுவ

'எடுத்தாதான்யா கொல்லுவேன்'னு தட்டினேன். அழிச்சேன்.

# எடுக்காதய்யா. உன் கால்ல வுழறேன். பக்கத்து வூட்டுப் பசங்க என் போனை வெச்சு வெளையாடுதுங்க. நான் இங்கதான் இருக்கேன். என்கூடப் பேசு

போன் அடிச்சு நின்னுச்சு. திரும்ப அடிச்சுது. திரும்ப. நான் எவ்ளோ பிடிவாதக்காரின்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடைசியா நின்னுச்சு.

# சரி. அடுத்தது நெட்வொர்க் ஃபைலு. பழசா புதுசா

பன்னண்டு நாப்பது.

சேர் நகரற சத்தம் வரல.

பன்னண்டு நாப்பத்தஞ்சு. கதவுக்கிட்ட நாகப்பன் வந்து நின்னாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"யம்மா, யார் கூட சிரிச்சிகினு கீற?" கிசுகிசுன்னு கேட்டாரு. அப்புறம் மூக்கை உறிஞ்சிப் பாத்தாரு. "தைல வாடை வருதேம்மா. எழில் தம்பி தைலம்."

"பேசாம இருங்கண்ணா. இன்னும் ஏழு நிமிஷம்."

அவரு நிலையைப் புடிச்சிகினு அப்டியே கீழ ஒக்காந்துட்டாரு.

பன்னண்டு அம்பது.

அம்பத்தொண்ணு.

தூரத்துல, மேம்பாலத்துப் பக்கத்துலேர்ந்து லாரி பிரேக்கு. நீளமா, இழுத்து, கத்தற மாதிரி. நான் கண்ணை இறுக்கி மூடிக்கினேன். அதுக்கப்புறம் வரவேண்டிய சத்தம் ஒண்ணு இருக்குல்ல, அது வரல. லாரி ஹாரன் அடிச்சுட்டுப் போயே போயிடுச்சு.

கண்ணைத் திறந்தா பன்னண்டு அம்பத்து மூணு. கீபோர்டு தட்டிக்கினு இருக்குது.

# தூங்கிட்டியா. பழசா புதுசா

# பழசு. பழசையே வெச்சுக்கோ எழிலு

அதுக்கு மேல கால் மணி நேரம் ஓடுச்சு. எனக்கு இருந்த சந்தோஷத்துல, அடுத்தது இன்னான்னு நான் யோசிக்கவே இல்ல. அங்கதான் தப்பு பண்ணேன். அப்கிரேடு முடிஞ்சா இன்னா பண்ணுவோம்? ரீபூட் பண்ணுவோம், அதாவது சர்வரை ஒரு தடவை அணைச்சுத் திரும்பப் போடுவோம். ரீபூட் பண்ணா உள்ள இருக்கற அத்தினி பேரும் வெளிய வந்துதான் ஆவணும். அவன் பண்ணி எத்தினி தடவை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மறந்துட்டேன்.

# முடிஞ்சுது. எல்லாம் சரியா ஏறிடுச்சு. ரீபூட் குடுத்துட்டு வூட்டுக்கு வரேன். செம பசி. மீன் கொழம்பா

# ஆமா. எழிலு ஒரு நிமிஷம் இரு. ஒண்ணே ஒண்ணு சொல்லணும்

அந்த வரிய நான் முடிக்கறதுக்குள்ள ஸ்கிரீன் போயிடுச்சு. தொடர்பு துண்டிக்கப்பட்டதுன்னு ஒரே வரி. சர்வர் ஃபேனு அடங்கி, திரும்ப எழுந்துச்சு. மறுபடி உள்ள போய் யார் இருக்காங்கன்னு பாத்தேன். நான் மட்டும்தான் இருந்தேன். தேதி இன்னிக்குத் தேதி. தைல வாடையும் போயிடுச்சு.

வெளிய ஓடினேன். நாகப்பன் எனக்கு முன்னாடியே கேட்டுக்கிட்ட நின்னுகினு இருந்தாரு. "வண்டி போற சத்தம் கேட்டுச்சும்மா"ன்னாரு. "என் பக்கத்துலயே போச்சு. வண்டியத்தான் காணோம்."

ஸ்கூட்டிய முறுக்கினேன். மேம்பாலத்துக்குக் கீழ ரோடு காலியா கெடந்துச்சு. போக்குவரத்து போலீஸ்காரர் ஒருத்தரு எளனி குடிச்சிகினு இருந்தாரு. தாண்டிட்டான்! என் எழிலு அந்த எடத்தைத் தாண்டிட்டான்! பைத்தியக்காரி மாதிரி கத்திக்கினே போனேன். அவன் வூட்டுக்கு வந்துடுவான், நான் அன்னிக்குப் போன்ல பேசினதுக்கெல்லாம் அவன் கையப் புடிச்சிகினு மன்னிப்பு கேப்பேன்னு, அந்த அஞ்சு நிமிஷம் நான் நம்பினேன்.

அப்ப போன் அடிச்சுது. மெர்சி.

மெர்சி நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு. மொபைல் கம்பெனி லைன்ல வேலை. சேரப்பணஞ்சேரியில நானும் எழிலும் குடியிருந்த வூட்டுல இப்ப அவதான் இருக்கா. நான் நாப்பதாம் நாளே வூட்டைக் காலி பண்ணிட்டு வாலாஜாபாத்துக்கு எங்கம்மாகிட்ட போயிட்டேன்.

எழிலுக்கு அது எப்டித் தெரியும்?

"யக்கா, ஆரோ கதவத் தட்டுதாங்க. வாணி, வாணின்னு உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்க. நான் தொறந்து பாத்தேன், ஆளில்ல. ஆனா யக்கா," அவ குரல் அப்டியே எறங்கிடுச்சு. "உள்ள வந்துட்டாங்க. பாத்ரூம்ல கால் கழுவுற சத்தம் கேக்குது."

"மெர்சி, பயப்படாத. நான் வந்துகினே இருக்கேன், ஒக்காருன்னு சொல்லு. சத்தமா சொல்லு!"

சொன்னா. பாவம், அழுதுகினே சொன்னா. எனக்குப் போன்ல கேட்டுச்சு. அப்புறம், "யக்கா, வெளிய பைக் ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேக்கு"ன்னா.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவன் கெளம்பிட்டான். சிமென்ட் தரையில ஈரக்கால் தடம். பாத்ரூம்லேர்ந்து சமையக்கட்டுக்கு, அங்கேர்ந்து ரூமுக்கு, ரூம்லேர்ந்து வாசலுக்கு. எல்லா எடத்துலயும் என்னைத் தேடியிருக்கான்.

மெர்சி அன்னிக்கே சாமானைக் கட்டிட்டா. நான் அந்த வூட்டைத் திரும்ப எடுத்துக்கினேன். எங்கம்மா தலையில அடிச்சிகினு அழுதாங்க, அப்பா கட்டிலைத் தூக்கிப் போட்டு வண்டியில ஏத்தினாரு.

நாலு மாசம் ஆச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒண்ணே முக்காலுக்கு வாசல்ல பைக் நிக்கும். "வாணி"ன்னு கூப்பிடுவான். "இங்கதான்யா இருக்கேன்"ன்னு நான் கத்துவேன். அவனுக்குக் கேக்கறதில்ல. சர்வர்ல நான் தட்டினது அவனுக்குப் போய்ச் சேந்துச்சு, இங்க தொண்டை கிழியக் கத்தறது போய்ச் சேரல. லேப்டாப்பைத் திறந்து # போட்டு எழுதி நடுக்கூடத்துல வெச்சுப் பாத்தேன். பேப்பர்ல எழுதி ஒட்டினேன். ஃபேக்டரிக்கும் போய்ப் பாத்தேன், அங்க அவன் வர்றதே இல்ல. லேபிளெல்லாம் சரியான தேதியில வருதாம், பரசுராமன் சாரு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாரு. அந்த அப்கிரேடை முடிக்காம விட்டிருந்தா, வாரா வாரம் அவனோட அர மணி நேரமாவது பேசியிருப்பேன். ஆனா வாரா வாரம் அவன் செத்திருப்பான். இதுல எது தேவலைன்னு எனக்கு யாராவது சொல்லுங்க.

மீன் கொழம்பு வெச்சு மூடி வெப்பேன். மூடி திறக்கற சத்தம் கேக்கும். சாப்பிட மாட்டான். நான் இல்லாம அவன் என்னிக்குமே சாப்பிட்டதில்ல. என் பக்கத்துலயே தாண்டிப் போவான், தைல வாடை மூஞ்சியில அடிக்கும். ரூம் ரூமா கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிடுவான்.

போன ஞாயித்துக்கெழமை வழக்கம் போல சமையக்கட்டுல நின்னுகினு இருந்தேன். அவன் காலடி சமையக்கட்டு வாசப்படி வரைக்கும் வந்து நின்னுச்சு. ஆத்திரத்துல கையிலிருந்த கரண்டியத் தரையில அடிச்சேன். "எழிலு, இதோ, உன் எதிர்லதான்யா நிக்கறேன்!"

காலடி ரெண்டு எட்டு பின்னாடி போச்சு.

அவன் என் பேரைச் சொல்லல. பயந்து போன குரல்ல, தெரியாதவங்கள கேக்கற மாதிரி, "யாருங்க உள்ள?"ன்னு கேட்டான்.

எழிலுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பேய்னா பயம். நான் கரண்டியைச் சத்தம் வராம மேடையில வெச்சுட்டு, அவன் போற வரைக்கும் மூச்சை அடக்கிக்கினு ஆடாம நின்னேன்.